பழைய லேலண்ட் லாரியின் கதவுக் கண்ணாடி: உடைந்தது ஏன், மாற்றியது எப்படி

லாரிக் கதவில் கண்ணாடி உடைந்தால் சேலத்தில் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. கண்ணாடிக் கடைக்குப் போய் அளவைச் சொன்னால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அறுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள், அதைச் சட்டத்தில் சொருகிக்கொண்டு வண்டி அடுத்த லோடுக்குக் கிளம்பிவிடும். எங்கள் வண்டிக்கும் முன்பு யாரோ அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இந்தத் தடவை, ஏன் உடைந்தது என்று தெரியாமல் புதுக் கண்ணாடி வாங்குவதில்லை என்று பிடிவாதமாக இருந்தோம். அதில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன், பட்டறையில் கட்டிய கேபின் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

வண்டி ஆறு சக்கர அசோக் லேலண்ட், மாமா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இந்த வயது லாரிகளில் பலவற்றுக்குக் கம்பெனியிலிருந்து சேஸும் இன்ஜினும் கவுல் என்கிற முன்முகத் தகடும்தான் வரும். கேபினும் பாடியும் திருச்செங்கோடு, நாமக்கல், கரூர் பக்கத்துப் பாடி பில்டிங் பட்டறைகளில் கட்டிக்கொள்வது. இதன் கேபின் திருச்செங்கோட்டில் கட்டியது. அதாவது கதவு கம்பெனிக் கதவு இல்லை, ஒரு மேஸ்திரி தன் கைக்கு வந்தபடி தகட்டை மடித்து வெல்டு வைத்துச் செய்தது. இடது கதவும் வலது கதவுமே ஒன்றுபோல இருக்காது. டேப் பிடித்துப் பார்த்தால் இரண்டின் மேல் சட்டத்துக்கும் நடுவில் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. இப்படிப்பட்ட வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மாடல் பெயரைச் சொல்லிக் கதவுக் கண்ணாடி கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஒரு வசதி உண்டு, கண்ணாடி தட்டையானது, கார்க் கதவு மாதிரி வளைவு கிடையாது.

வேலை பெரும்பாலும் ஏற்காடு ரூட். மேலே போகும்போது சிமென்ட், எம் சாண்ட், கீழே வரும்போது எஸ்டேட்களில் வெட்டுகிற சில்வர் ஓக் கட்டை. காபிச் செடிக்கு நிழலுக்காக வைத்து, மிளகுக் கொடி ஏற்றிவிடுகிற மரம் அது, வளர்ந்ததும் பிளைவுட்டுக்குப் போகும். அடிவாரத்திலிருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவு. மலையில் பாதி வருஷம் ஈரமும் பனிமூட்டமும்தான், அந்த ஈரம் கதவுத் தகட்டை என்ன செய்கிறது என்பது பின்னால் வரும்.

உடைந்தது காலையில், கட்டை லோடோடு இறங்கும்போது. பனி அடர்த்தியாக இருந்திருக்கிறது. அந்த மாதிரி நேரத்தில் மலை டிரைவர்கள் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார்கள், எதிரே ஏறுகிற வண்டிக்கு நாம்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதால் அவன் ஹாரன் முன்னாடியே காதில் விழ வேண்டும். டிரைவர் அண்ணன் அதற்காகக் கண்ணாடியை முழுசாக இறக்கியிருக்கிறார். அடிவரை போனதும் 'டொக்' என்று ஒரு சத்தம், உடனே கண்ணாடி நீளநீளத் துண்டாகப் பிளந்து பாதி கதவுக்குள்ளேயும் பாதி மடியிலும் விழுந்திருக்கிறது. வளைவில் லோடு வண்டியை நிறுத்த முடியாது. அகலமான இடம் வரும்வரை அப்படியே ஓட்டி வந்து ஓரம்கட்டியிருக்கிறார். வலது முன்கையில் நல்ல வெட்டு, தையல் போட வேண்டியதாயிற்று.

மாமாவுக்கு முதல் கோபம் டிரைவர் மேல்தான். "ஹேண்டிலை முரட்டுத்தனமா சுத்தினா உடையாம என்ன செய்யும்?" என்றார். அண்ணன் கட்டுப்போட்ட கையோடு, "நான் எப்பவும் சுத்துற மாதிரிதாங்க முதலாளி சுத்துனேன், ஒண்ணும் பலமா சுத்தலைங்க" என்று அதற்கு மேல் பேசவில்லை. கண்ணாடிச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் அப்போது பேச்சு. எனக்கு இடித்த விஷயம் வேறு: ஒரு வண்டிக் கதவுக் கண்ணாடி நீளத் துண்டாக உடையவே கூடாது.

ஏன் கூடாது என்றால், கதவுக்குப் போட வேண்டியது டஃபன்டு கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை அளவுக்கு அறுத்து, ஓரம் தேய்த்து, துளை வேண்டுமென்றால் துளையும் போட்டு, அதற்குப் பிறகு 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி இரண்டு பக்கமும் காற்றடித்துச் சட்டென்று குளிரவைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும், உள்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இதனால் சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு வலு கிடைக்கிறது, உடைந்தாலும் மொத்தமும் கல்கண்டு மாதிரி மழுங்கிய சின்னச் சின்னக் கட்டியாகக் கொட்டும். கையை ஆழமாகக் கிழிப்பது அபூர்வம். முன் கண்ணாடி வேறு வகை, லேமினேட்டட்: இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, உடைந்தாலும் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100வது விதி, கண்ணாடி எதுவானாலும் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்கிறது. முன்பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சமாவது ஊடுருவ வேண்டும் என்பதும் அதே விதிதான்.

எங்கள் கண்ணாடி வாள் மாதிரி உடைந்ததென்றால் அது ஜன்னலுக்கும் அலமாரிக்கும் போடுகிற வெறும் கண்ணாடி. மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை.

சில்லுகள் சொன்னது

கிளீனர் தம்பி சில்லுகளைக் கொட்டப் போனான். வேண்டாம், எல்லாவற்றையும் ஒரு சிமென்ட் சாக்கில் போட்டு வை என்று சொல்லிவிட்டேன். கதவுக்குள் விழுந்ததும் சேர்த்து. வண்டியைக் கொண்டலாம்பட்டி பக்கம் எங்களுக்குப் பழக்கமான டிங்கரிங் பட்டறையில் விட்டு, தார்ப்பாயை விரித்து, தோல் கையுறை மாட்டிக்கொண்டு துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தோம். மேஸ்திரிக்கு முதலில் இது வெட்டி வேலையாகப் பட்டது. "உடைஞ்சதை ஒட்டவா போறீங்க தம்பி?" என்றார். பாதி சேர்ந்ததும் அவரே கீழே உட்கார்ந்துவிட்டார்.

இங்கே ஒரு வேடிக்கை. டஃபன்டு கண்ணாடியாக இருந்திருந்தால் ஆயிரம் கட்டியாகப் போயிருக்கும், சேர்த்துப் பார்க்கவே முடியாது. போடக்கூடாத கண்ணாடியைப் போட்டிருந்ததால்தான் தடயம் மிஞ்சியது.

கண்ணாடி எங்கிருந்து உடைய ஆரம்பித்தது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. விரிசல் ஓட ஓடக் கிளை பிரியும். கிளைகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் எல்லாம் ஒரே இடத்தில் போய்க் கூடும், அதுதான் தொடக்கம். எங்களுடையது கீழ் ஓரத்தில், முன் மூலையிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு புள்ளியில் கூடியது. அந்தத் துண்டை எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு தெறிப்பு. அறுத்த ஓரத்தைத் தேய்க்கவே இல்லை, விரலை வைத்தால் சுருக்கென்றது. இரண்டாவதுதான் முக்கியம்: அந்த இடத்திலிருந்து நேர் மேலாக, வெளிப்பக்கம், ஒரு மெல்லிய கீறல். வெள்ளையாக, ஓரிடத்தில் ஆழமாக, ஓரிடத்தில் லேசாக, கண்ணாடியின் மேல் பகுதி வரைக்கும் போயிருந்தது.

கண்ணாடி அறுப்பவர் செய்வதும் இதைத்தான். முனையால் ஒரு கோடு இழுப்பார், லேசாக வளைப்பார், கோட்டோடு பிளந்துகொள்ளும். எங்கள் கதவுக்குள் ஏதோ ஒன்று, ஒவ்வொரு தடவை ஏற்றி இறக்கும்போதும் அந்தக் கோட்டை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

டார்ச் அடித்துப் பார்த்ததில் ஆள் அகப்பட்டது. சைடு மிர்ரர் ஸ்டாண்டின் கீழ்க் கால் கதவின் வெளித்தகட்டில், ஜன்னல் விளிம்புக்குச் சற்றுக் கீழே போல்ட் போட்டிருக்கிறது. எப்போதோ வேறு வண்டி உரசி ஸ்டாண்ட் வளைந்ததால் புதுசு மாற்றியிருக்கிறார்கள். மாற்றியவர்கள் கைக்குக் கிடைத்த போல்ட்டை மாட்டிவிட்டார்கள் போல, நட்டுக்கு மேல் ஒரு இன்ச்சுக்கும் கூடுதலாகக் கதவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. மரை வெட்டிய முனை, கண்ணாடி இறங்குகிற பாதையைப் பார்த்தபடி.

மாமாவுக்கு இது போதவில்லை. "போல்ட் இருக்கு சரி, அதுதான் கீறுச்சுன்னு எப்படிச் சொல்ற?" நியாயமான கேள்விதான். மேஸ்திரி இதற்கு ஒரு வழி செய்தார், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. புதுக் கண்ணாடிக்கு எப்படியும் அச்சு வேண்டும் என்பதால் ஹார்ட்போர்டில் கண்ணாடி வடிவத்தை வெட்டி வைத்திருந்தார். பட்டறை சாமி படத்துக்கு முன்னால் இருந்த குங்குமத்தை எடுத்து கிரீஸில் குழைத்துப் போல்ட் முனையில் தடவினார். ஹார்ட்போர்டைக் கண்ணாடி இடத்தில், அது ஓடுகிற தடமான சேனலுக்குள் விட்டு, ஹேண்டிலைச் சுற்றி மெதுவாக இறக்கி, திரும்ப ஏற்றினார். வெளியே எடுத்தால் ஹார்ட்போர்டில் சிவப்புக் கோடு. உடைந்த துண்டை அதன் மேல் வைத்தோம், கீறலும் கோடும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. மாமா டிரைவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, டீ சொல்லிவிட்டு வந்தார். செலவுப் பேச்சு அதோடு நின்றது.

போல்ட் மட்டும் காரணம் என்றால் மிர்ரர் மாற்றிய வாரத்திலேயே உடைந்திருக்க வேண்டுமே? கூட இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது. கண்ணாடி ஓடுகிற பக்கச் சேனலில் இருக்க வேண்டிய வெல்வெட் முழுக்கத் தேய்ந்து வெறும் தகடாகியிருந்தது, அதனால் கண்ணாடி உள்ளேயும் வெளியேயும் ஆடியது. ஆடி வெளிப்பக்கம் சாயும்போதெல்லாம் போல்ட்டில் போய் உரசியது. அப்புறம், கண்ணாடி அடிவரை இறங்கினால் தாங்குவதற்குக் கதவின் அடியில் ஒரு ரப்பர் கட்டை இருக்க வேண்டும், அது எங்கேயோ கழன்று போயிருந்தது. டிரைவர் சொன்ன 'டொக்' அதுதான், கண்ணாடி நேராக இரும்பில் போய் இடித்த சத்தம். கீறல் விழுந்து, ஓரம் தெறித்து, ஆடிக்கொண்டிருந்த கண்ணாடிக்கு அந்த ஒரு இடி போதும்.

எந்தக் கண்ணாடி

இதில்தான் வீட்டில் அதிகம் வாக்குவாதம் நடந்தது, வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் வாடகை போகிறது என்பதால்.

உடனே கிடைப்பது வெறும் கண்ணாடி, 5 மில்லிமீட்டர். விலையும் குறைவு. டிரைவர் கையைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. காயலான் கடையில் பழைய லாரிக் கண்ணாடி தேடலாம் என்று ஒரு யோசனை. கம்பெனிக் கதவு வைத்த வண்டிகளுக்கு இது நல்ல வழி, அசல் டஃபன்டு கண்ணாடியே குறைந்த விலைக்குக் கிடைத்துவிடும். எங்கள் மாதிரி கை அளவுக் கதவுக்கு அது ஒத்துவராது, ஏனென்றால் டஃபன் செய்த கண்ணாடியை அதற்குப் பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட அறுக்க முடியாது, தேய்க்க முடியாது, துளை போட முடியாது. மேற்பரப்பின் இறுக்கம் ஓரிடத்தில் விட்டால் மொத்தமும் கையிலேயே நொறுங்கிவிடும். "கொஞ்சம் ஓரத்தைத் தேச்சு உள்ள விட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் அவர் இதுவரை டஃபன்டு கண்ணாடியைத் தொட்டதில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, தட்டை லேமினேட்டட் ஷீட்டிலிருந்து அறுத்துப் போடுவது. இதை எந்த நல்ல கண்ணாடிக் கடையிலும் அளவுக்கு அறுத்துத் தருவார்கள், பாதுகாப்பும் குறைவில்லை. அவசரத்துக்கு இதைத்தான் நான் சொல்வேன். ஆனால் நிரந்தரமாக வைக்க இரண்டு தயக்கம். ஒன்று எடை: கண்ணாடி 5 மில்லிமீட்டருக்கு ஒரு சதுர மீட்டர் 12.5 கிலோ, எங்கள் கதவுக்குச் சுமார் நாலு, நாலரை கிலோ வரும். மூன்றும் மூன்றும் சேர்த்து ஒட்டிய லேமினேட்டட் என்றால் அதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடும், கண்ணாடியை ஏற்றி இறக்குகிற பழைய விண்டோ மிஷினின் ஸ்பிரிங்குக்கு அது கூடுதல் சுமை. இன்னொன்று, அடிச் சேனலில் எப்போதும் தண்ணீர் நிற்கிற கதவில் ஓரத்து வழியாக ஈரம் ஏறி, படலம் நாளாவட்டத்தில் வெள்ளை பூத்துப் பிரிய ஆரம்பிக்கும். ஏற்காட்டு ஈரத்தில் ஓடுகிற வண்டிக்கு அது வேண்டாம் என்று பட்டது. அக்ரிலிக் ஷீட் என்று ஒருவர் சொன்னார். துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், இரவில் எதிர் வண்டி லைட் பட்டால் ஒன்றும் தெரியாது. அதை விட்டுவிட்டோம்.

கடைசியில் முடிவு செய்தது, அச்சு கொடுத்து டஃபன் செய்து வாங்குவது. எங்கள் கண்ணாடிக் கடைக்காரர் மூலமாகக் கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஆலைக்குப் போனது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஐ.எஸ். 2553 என்ற தரத்தில் இரண்டு பகுதி. முதல் பகுதி கட்டடக் கண்ணாடிக்கு, இரண்டாவது பகுதி சாலை வாகனத்துக்கு. கடைக் கதவுக்கும் பாத்ரூமுக்கும் டஃபன் செய்கிற ஆலை நமக்கும் செய்து தந்துவிடும், ஆனால் முத்திரை கட்டடத்துக்கானதாக இருக்கும். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டி நிற்கும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் மூலையைப் பார்த்தால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஆர்டர் கொடுக்கும்போதே வாகனக் கண்ணாடி, இரண்டாம் பகுதி முத்திரையோடு வேண்டும் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் வந்தது உண்மையில் டஃபன்டுதானா என்று சந்தேகம் வந்தால், போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் செல்போனில் வெள்ளைத் திரையை வைத்து, கூலிங் கிளாஸைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கலாம். டஃபன்டு என்றால் வரிவரியாகவோ புள்ளிபுள்ளியாகவோ நிழல் தெரியும், காற்றடித்துக் குளிரவைத்த அடையாளம் அது. வெறும் கண்ணாடியில் அப்படி ஒன்றும் தெரியாது.

அச்சு எடுப்பதில் மேஸ்திரி நிதானமாக இருந்தார். பிறகு திருத்த முடியாது என்பதால் வேறு வழியுமில்லை. புது வெல்வெட் சேனலை முதலில் மாட்டிவிட்டு, அதற்குள்தான் ஹார்ட்போர்டை ஓடவிட்டுப் பார்த்தார். பழைய சேனலில் அளவெடுத்துப் புதுச் சேனலில் போட்டால் இறுகிக்கொள்ளும். இரண்டு பக்கமும் சுமார் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, மூலைகளைச் சின்ன வளைவாக மழுக்கி, எல்லா ஓரமும் தேய்த்து வரவேண்டும் என்று ஹார்ட்போர்டிலேயே எழுதி, 'வெளிப்பக்கம்', 'முன்பக்கம்' என்று அம்புக்குறியும் போட்டு அனுப்பினார். முன் மூலை சாய்வாக இருப்பதால் புரட்டி வைத்து அறுத்துவிட்டால் இடது கதவுக்கும் ஆகாது, வலது கதவுக்கும் ஆகாது.

கதவைத் திறந்தால்

கண்ணாடி வரும்வரை கதவு வேலை. ஹேண்டிலைக் கழற்றுவதில் சில வண்டிகளில் நடுவில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். எங்களுடையதில் ஸ்க்ரூ இல்லை, ஹேண்டிலுக்குப் பின்னால் குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பிக் கிளிப். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் கிளிப் எங்கேயோ பறந்துவிடும். ஒரு துணிக்கீற்றை ஹேண்டிலுக்கும் கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கிற பேடுக்கும் நடுவில் விட்டு இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தால், துணி கிளிப்பைக் கவ்வி வெளியே தள்ளிவிடும்.

ரெக்ஸின் ஒட்டிய ஹார்ட்போர்டு பேடை எடுத்ததும் ஒரு வாடை. பேடுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பாலிதீன் ஷீட் கிழிந்து தொங்கியது, அதனால் பேட் தண்ணீர் குடித்து ஊறியிருந்தது. கதவின் அடியில் மரத்தூள், சில்வர் ஓக் இலை, சேறு, பழைய கண்ணாடிப் பொடி எல்லாம் சேர்ந்து இறுகிப் போயிருந்தன. மழைத் தண்ணீர் கண்ணாடியோடு உள்ளே இறங்குவது சகஜம், அது வடிவதற்குத்தான் கதவின் அடியில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். எங்கள் கதவில் எல்லா ஓட்டையும் அடைத்துக்கொண்டிருந்தது. அடித்தகடு உள்ளிருந்து துருவேறி, கம்பியால் குத்தினால் ஓரிடத்தில் வெளியே வந்தது. ஆணியும் புளோயரும் வைத்துச் சுத்தம் செய்து, அந்த இடத்தை வெட்டிப் புதுத்தகடு வெல்டு வைத்து, பிரைமர் அடித்தாயிற்று. வெல்டு வைத்தது கண்ணாடி வருவதற்கு முன்னால் என்பதைக் கவனிக்கவும். வெல்டிங் பொறி கண்ணாடியில் பட்டால் அங்கே பொடிப் பள்ளம் விழும், அப்புறம் அந்தக் கண்ணாடியை நம்ப முடியாது.

விண்டோ மிஷின் பற்றி ஒரு எச்சரிக்கை. பிறை மாதிரிப் பல் வெட்டிய தகடு, ஒரு கை, அதைத் தூக்கிவிட ஒரு சுருள் ஸ்பிரிங், இவ்வளவுதான் மிஷின். கண்ணாடி எடையைத் தாங்கத்தான் அந்த ஸ்பிரிங். கண்ணாடி இல்லாதபோதும் அது முறுக்கோடு காத்துக்கொண்டிருக்கும். மிஷினைக் கழற்றிப் பல்லை விடுவித்தால் கை சட்டென்று அடித்துத் திரும்பும், விரல் நடுவில் இருந்தால் போச்சு. மேஸ்திரி கழற்றுவதற்கு முன்பே பிறைத் தகட்டையும் மிஷினின் அடித்தகட்டையும் சேர்த்து ஒரு துளை போட்டு போல்ட் மாட்டிப் பூட்டிவிட்டார், மண்ணெண்ணெயில் கழுவி கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்டிய பிறகுதான் அந்த போல்ட்டை எடுத்தார். ஹேண்டில் லேசாகச் சுற்றுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

மிர்ரர் போல்ட்டை மாற்றினோம், தலை வெளியே, உள்ளே நட்டுக்கு மேல் இரண்டு மரை மட்டும் நீட்டும்படி. அதன் மேல் டோம் நட் மூடி. ஸ்டாண்ட் அதிர்வில் தகடு கிழியாமல் உள்ளே ஒரு பட்டையும் வைத்தார். திரும்பவும் குங்குமம் தடவி ஹார்ட்போர்டை ஓட்டிப் பார்த்ததில் கோடு விழவில்லை. அடியில் புது ரப்பர் கட்டை.

கண்ணாடி வந்ததும் மாட்டுவது சின்ன வேலைதான். மிஷினின் கை பிடித்துத் தூக்குகிற அடிச் சேனல் கண்ணாடியின் நடுப்பகுதியில் மட்டும் வரும். பழைய சேனலில் பேக்கிங்குக்குப் பதிலாக ஒரு பக்கம் சைக்கிள் டியூப் துண்டு, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அதாவது இரும்பு நேராகக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. புதுச் சேனல் மடித்து, முழு நீளத்துக்கும் ரப்பர் பேக்கிங் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, மரச்சுத்தியலால் லேசாகத் தட்டி ஏற்றினார். இந்த இடத்தில் எண்ணெய் தடவக்கூடாது, ரப்பர் உப்பிவிடும். தட்டும்போது கண்ணாடியின் ஓரம் தரையில் பட விடாமல் பழைய சாக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும், டஃபன்டு கண்ணாடிக்கு முகத்தில் எவ்வளவு வலுவோ ஓரத்தில் அவ்வளவு பலவீனம்.

பக்கச் சேனல் போல்ட்களைத் தளர்வாக விட்டு, கண்ணாடியை முழுசாக மேலே ஏற்றி, அது தானாகச் சட்டத்தில் உட்கார்ந்த பிறகு மேல் போல்ட்டை முறுக்கினார். அப்புறம் பாதி இறக்கி நடு போல்ட், முழுசாக இறக்கிக் கீழ் போல்ட். முதலிலேயே எல்லாவற்றையும் முறுக்கிவிட்டால் கண்ணாடி எங்கேயாவது ஓரிடத்தில் இறுகும். ஜன்னல் விளிம்பில் வெளிப்பக்கப் பீடிங்கும் புதுசு, தண்ணீர் உள்ளே போவது பாதிக்குப் பாதி அங்கேயே நின்றுவிடும். புது பாலிதீன் ஷீட் ஒட்டிப் பேட் மாட்டும் முன் ஒரு குடம் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றிப் பார்த்தோம், அடி ஓட்டை வழியாகச் சரசரவென்று வெளியே வந்தது. ஒரு தாளைக் கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவில் வைத்து மூடி இழுத்தால் எல்லா இடத்திலும் கொஞ்சம் பிடித்து வர வேண்டும். பின் மூலையில் லூசாக வந்தது, கீல் பின் தேய்ந்து கதவே கொஞ்சம் தொங்கியிருந்ததுதான் காரணம். கீல் பின்னை மாற்றியதும் சரியாயிற்று.

செலவில் பெரிய பங்கு கண்ணாடி இல்லை, தகடு வேலையும் கூலியும்தான். வெறும் கண்ணாடி போட்டிருந்தால் மொத்தமும் கால்வாசியில் முடிந்திருக்கும், அந்த போல்ட் அடுத்த கண்ணாடியில் கோடு இழுத்துக்கொண்டிருக்கும். அதுவும் டஃபன்டாக இருந்தால் இன்னும் மோசம், கீறல் இறுகிய மேல் படலத்தைத் தாண்டி உள்ளே போன அன்றைக்கு முன்னறிவிப்பே இல்லாமல் மொத்தமும் கொட்டும்.

இப்போது மலையில் கல்லிலும் குழியிலும் போனாலும் வலது கதவில் கடகட சத்தம் இல்லை. டிரைவர் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று, சேலத்து வெயிலுக்குக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா என்று. பனியில் மிர்ரர் தெரியாது, விதியும் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னதும், சரி, ஒரு துண்டு வைத்துக்கொள்கிறேன் என்றுவிட்டார்.

இடது கதவையும் திறந்து பார்த்தோம். அங்கே போல்ட் சின்னதுதான், கீறல் இல்லை, ஆனால் கண்ணாடி முத்திரையில்லாத வெறும் கண்ணாடி, சேனலில் வெல்வெட்டும் போய்விட்டது. சேனலும் ரப்பர் கட்டையும் உடனே போட்டாயிற்று. அந்தப் பக்கத்துக்கு ஹார்ட்போர்டு அச்சு தனியாக வெட்டி, எட்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தோடு, கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறோம். வந்ததும் எஃப்.சி.க்கு முன்னால் மாட்டிவிட வேண்டும்.